விளிம்பு – அத்தியாயம் 17: கேமராவுக்குப் பாடம் சொன்னவள்

கடல் தாண்டி எங்கேயோ ஓர் ஊர். அந்த ஊரின் பெயரை முதலாளி பொன்னுத்துரையால் இன்னும் நாக்குத் தடுக்காமல் சொல்ல முடியவில்லை. அங்கே ஆறு வயதுக் குழந்தை ஒன்று, நம் ரெட்டியார்சத்திரத்தில் அடைத்து அனுப்பிய பாட்டிலைத் திறந்து, வினிகரில் ஊறிய கெர்கின் ஒன்றை எடுத்துக் கடித்தது. விரல் நீளக் குட்டி வெள்ளரிக்காய். அதோடு பாட்டில் வாயிலிருந்து உடைந்த கண்ணாடிச் சில்லு ஒன்றும் உள்ளே போயிற்று. குழந்தையின் நாக்கில் நான்கு தையல்.

அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. ஐந்து வாரமாக ரூபி ஒழுங்காகத் தூங்கவில்லை. அந்தக் கம்பெனியில் தரத்துக்குப் பொறுப்பு அவள்தான்.

பாட்டிலை வாங்கிய வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு காரியம் கேட்டிருந்தார்கள். காலி பாட்டிலை மனிதக் கண்ணால் பார்த்துக் கழிக்கும் வேலையை இனி கேமரா செய்ய வேண்டும். எந்தக் கேமரா என்று முடிவு செய்து சொல்லுங்கள். இரண்டாவது, இந்தத் தப்பு எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்று எழுத்தில் கொடுங்கள். இரண்டுக்கும் கெடு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

நாகல் நகர் முக்கில் கம்பெனி பஸ்ஸுக்காக ரூபியும் அவள் மதினி செபஸ்தியம்மாளும் நின்றார்கள். ரொனால்டு தன் எலக்ட்ரிக்கல் கடையைத் திறக்கப் போகிற வழியில் வண்டியை நிறுத்தினான். ரூபியின் புருஷன், செபஸ்தியம்மாளின் தம்பி. ஒன்பது வயதில் தாய் போனதிலிருந்து அவனை வளர்த்தவள் இந்த அக்காதான். தன் புருஷனும் போன பிறகு அவளுக்குத் தம்பி வீடே வீடு. ரூபியைப் பெண் பார்த்ததும் அவள்தான், படித்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்கக் கூடாதென்று முதலாளியிடம் போய் நின்று இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். இன்றைக்கு ரூபி அதிகாரி, செபஸ்தியம்மாள் அவளுக்குக் கீழே பாட்டில் பார்க்கும் பதினான்கு பெண்களுக்குத் தலைவி. இதில் இருவருக்குமே ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை. நாத்தனார் உறவில் இது சாதாரண விஷயமில்லை.

"கேமரா வந்தா அக்காவுக்கு எடம் இருக்கும்ல?" என்றான் ரொனால்டு.

"இருக்கும். கேமராவுக்கே மதினிதான பாடம் சொல்லிக் குடுத்துருக்காங்க" என்றாள் ரூபி.

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். செபஸ்தியம்மாள் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்துச் செருகி, "பஸ்ஸு வாரது நம்ம பஸ்ஸா பாரு தாயி" என்றாள்.

*

போட்டியில் இரண்டு கம்பெனிகள் இருந்தன. சென்னைக்காரர்களின் இயந்திரத்தை முந்தின நாளே ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. பாட்டில் வாயின் வட்டத்தை அளந்து, கொஞ்சம் பிசகினாலும் தள்ளிவிடும். ஆனால் கழுவி வந்த பாட்டிலில் ஒட்டியிருக்கும் நீர்த்துளியையும் அது உடைசல் என்றே எண்ணியது. நானூறு பாட்டிலில் அறுபத்தொரு நல்ல பாட்டிலை வெளியே தள்ளிவிட்டது. "இத வச்சு யாவாரம் பண்ணுனா கம்பெனிய இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்" என்று பொன்னுத்துரை எழுந்து போய்விட்டார்.

இன்று கோயம்புத்தூர்க்காரர்களின் முறை. அவர்கள் அனுப்பிய இன்ஜினியர் முகமது பாரூக், முப்பது வயதுக்குள் இருக்கும், அதிகம் பேசாதவன். அவனுடைய இயந்திரம் அளந்து பார்க்கிற ரகம் இல்லை, கற்றுக்கொள்கிற ரகம். நல்ல பாட்டில் எது, கெட்ட பாட்டில் எது என்று பிரித்துக் கொடுத்தால், படம் படமாகப் பார்த்துத் தானே புரிந்துகொள்ளும். அதற்காக இரண்டு வாரம் முன்பு அறுநூறு பாட்டில் கேட்டிருந்தார்கள். நல்லது முந்நூறு, கெட்டது முந்நூறு.

யார் பிரிப்பது என்ற கேள்வியே அன்று எழவில்லை. "செபஸ்தியம்மா கண்ணு இருக்கையில வேற யாரு?" என்றார் முதலாளி. ரூபியும் அதையேதான் நினைத்தாள். மூன்று நாள் உட்கார்ந்து, கையுறை போட்ட கையால் ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சப் பலகை முன் பிடித்துப் பார்த்து, பச்சை ஸ்டிக்கரும் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தாள் செபஸ்தியம்மாள்.

பத்து மணிக்குச் சோதனை ஆரம்பித்தது. நானூறு பாட்டிலுக்குள் நாற்பது கெட்ட பாட்டிலை ரூபி தன் கையாலேயே கலந்து வைத்திருந்தாள். எது எதென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். பெல்ட் ஓடியது. நீர்த்துளி இருந்த நல்ல பாட்டில்களை இயந்திரம் தொந்தரவு செய்யாமல் விட்டது. விரிசலைத் தள்ளியது. அடியில் கிடந்த பூச்சியைத் தள்ளியது. கண்ணாடிக்குள் குமிழி இருந்ததைத் தள்ளியது. ரூபிக்கு ஐந்து வாரத்தில் முதல் தடவையாக மூச்சு இறங்கியது.

பெல்ட் நின்றதும் எண்ணிப் பார்த்தாள். நாற்பதில் முப்பத்தொன்றுதான் தள்ளப்பட்டிருந்தது.

தப்பிய ஒன்பதும் ஒரே ரகம். பாட்டில் வாயின் விளிம்பில் நகத்தளவு கூட இல்லாத சன்னமான உடைசல். அந்தக் குழந்தையின் நாக்கைக் கிழித்ததும் இதே உடைசல்தான். அவள் கலந்து வைத்த விளிம்பு உடைசலே ஒன்பதுதான், ஒன்பதையும் இயந்திரம் விட்டுவிட்டது.

"கேமராவுக்குத் தெரியலையா பாரூக்?"

பாரூக் திரையில் ஒரு படத்தைப் பெரிதாக்கினான். விளிம்பில் உடைசல் பளிச்சென்று தெரிந்தது. "தெரியுது மேடம். பாத்திருக்கு. பாத்துட்டு, நல்ல பாட்டில்னு சொல்லுது."

"அது எப்பிடி?"

அவன் லேப்டாப்பில் வேறொரு ஃபோல்டரைத் திறந்து, இரண்டு வாரம் முன்பு வந்த பாட்டில்களின் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினான். அவன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அரை மணி நேரம் கழித்து, பக்கத்தில் வேறு யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நல்லதுன்னு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி நீங்க அனுப்புனதுல இருபத்து மூணு பாட்டில்ல விளிம்பு ஒடைஞ்சிருக்கு மேடம். நாங்களும் கவனிச்சிருக்கணும், எங்க தப்பும் இருக்கு. இது சொல்லிக் குடுத்ததத்தான் படிச்சிருக்கு. இதெல்லாம் நல்ல பாட்டில்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "யாரு மேடம் பிரிச்சது?" என்றான்.

ரூபி பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

*

செபஸ்தியம்மாளுக்குப் பக்கத்து இருக்கை முத்துப்பேச்சியுடையது. இந்த ஊர்க்காரி, மூன்று ஏக்கரில் கெர்கின் போடுகிற வீட்டு மருமகள். ரூபி அவளைத் தனியாக அழைத்தபோது, எதற்கென்று கேட்காமலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மறைக்காமச் சொல்லு முத்துப்பேச்சி. மதினிக்குக் கண்ணு தெரியுதா, இல்லையா?"

"பெரிய ஓட்டை ஒடசல்னா தெரியும் மேடம். சன்னமா இருந்தா தெரியாது. ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா நான்தான கண் டெஸ்ட் எடுக்குறேன். கடைசி வரி வரைக்கும் படிச்சாங்களே."

முத்துப்பேச்சி தரையைப் பார்த்தாள். "அந்த எழுத்து அட்டை பதினோரு வருசமா அதே அட்டைதான மேடம். எங்க எல்லாருக்குமே மனப்பாடம்."

ரூபிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் அவள் சொன்னதுதான் இன்னும் மோசம்.

"ஆனா அக்கா ஒண்ணயும் தப்ப விட்டது கெடையாது மேடம், கிளவுஸ் வார வரைக்கும். அக்கா பாட்டில கண்ணால பாக்கவே பாக்காது. கட்டவெரல பாட்டில் வாயில ஒரு சுத்து விடும். அம்புட்டுத்தான். நாங்க வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து விட்டதக்கூட அது புடிச்சுரும். நீங்க கிளவுஸ் போடச் சொன்னப்புறம் பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியல. நாந்தான் ரெண்டு பேத்துக்கும் பாப்பேன். எம்புட்டுத்தான் பாக்குறது?"

கையுறைச் சட்டம் ரூபி கொண்டுவந்தது. ஏழு மாதம் முன்பு, சுத்தம் பார்க்க வந்த ஆய்வாளர் கேட்டார் என்று ஒரே நாளில் எல்லோருக்கும் ரப்பர் கையுறை மாட்டிவிட்டாள். அந்த உத்தரவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது, பக்கத்தில் நின்ற மதினி எதையோ சொல்ல வந்து சொல்லாமல் போனதும் இப்போது ஞாபகம் வந்தது. அந்தச் சில்லுப் பாட்டில் கப்பலேறியது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

*

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கழுவும் கூடத்துக்குப் பின்னால் செபஸ்தியம்மாள் தூக்குவாளியோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். ரூபி அவள் முன்னால் இரண்டு பாட்டிலை வைத்தாள்.

செபஸ்தியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். கட்டைவிரல் விளிம்பில் ஒரு சுற்றுப் போயிற்று. கீழே வைத்தாள். அடுத்ததில் பாதிச் சுற்றிலேயே விரல் நின்றுவிட்டது.

"இது ஒடசலு" என்றாள். பிறகுதான் ரூபியின் முகத்தைப் பார்த்தாள். நேராகப் பார்க்கவில்லை, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். அப்படிச் சாய்ப்பது அவள் வழக்கம் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப இருந்து மதினி?"

"போன வருசம் பெரிய வியாழனுக்கு முந்தி. சர்க்கரை கண்ணுல ஏறிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. ஊசி போடணும்னாரு. போடுறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஊசி போடப் போனா லீவு கேக்கணும், லீவு கேட்டா என்னத்துக்குன்னு நீ கேப்ப."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"கண்ணு போனவளுக்குக் கண்ணால பாக்குற வேலை எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்ல? கையி இருக்கேன்னு நெனச்சேன்."

ரூபிக்குக் கோபம் பொங்கியது. அது மதினி மேலா, தன் மேலா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "ஒரு புள்ளைக்கு நாக்கு கிழிஞ்சிருக்கு மதினி."

"தெரியும் தாயி." செபஸ்தியம்மாள் தூக்குவாளியை மூடினாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. "அந்தப் புள்ளைய நெனைக்காம ஒரு வாய் சோறு உள்ள எறங்கல. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லியாச்சு. ஒங்கிட்டதான் சொல்ல முடியல."

உள்ளே பாட்டில்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் நாளையில இருந்து நின்னுக்கிறேன். ஒனக்குச் சங்கடம் வேணாம்" என்றாள் செபஸ்தியம்மாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த வெளிநாட்டுக் கடுதாசில எம்பேரு மட்டும் வேணாம். கோயில்ல, தெருவுல, எல்லாரும் அக்கா அக்காங்குறாக. ஒரு பச்சப்புள்ள வாயில ரத்தம் வர வச்சவள்னு எம்பேரு எழுத்துல நிக்க வேணாம். ரொனால்டு தாங்க மாட்டான்."

"போட மாட்டேன் மதினி."

"சத்தியமா?"

"சத்தியமா."

*

ரூபி சொன்னபடியே எழுதினாள். இதை அவள் பக்கமாக நாம் சொல்லத்தான் வேண்டும். கோயம்புத்தூர் இயந்திரத்தையே வாங்கலாம், புதிதாக அறுநூறு பாட்டிலை மூன்று பேர் தனித்தனியே பிரித்து, மூவரும் ஒத்துப்போனதை மட்டும் வைத்து மறுபடி பாடம் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் ஒரு பாட்டிலும் வெளியே போகக் கூடாது என்று எழுதினாள். தவறின் காரணம் என்ற இடத்தில், கையுறை கட்டாயமாக்கப்பட்டபோது சோதிக்கும் முறை மாறியதை நிர்வாகம் கவனிக்கவில்லை என்று எழுதினாள். யார் பெயரும் இல்லை.

மூன்றே முக்காலுக்குப் பொன்னுத்துரை அதை இரண்டு முறை படித்தார். நல்ல மனிதர்தான். திருவிழாவுக்கு எல்லோருக்கும் துணி எடுத்துக் கொடுப்பவர். ஆனால் அன்று அவர் குரல் அடங்கியிருந்தது, அதுவே ரூபிக்குப் பயமாக இருந்தது.

"மெஷினு விசயம் சரி. நீ சொல்றபடியே செய்வோம். ஆனா நிர்வாகம்னா யாரும்மா? கிளவுஸ் உத்தரவுல கையெழுத்து யாருது?"

"என்னுது சார்."

"கண் டெஸ்ட் பேப்பர்ல?"

"என்னுதுதான்."

"வெளிநாட்டுக்குப் போற ஒவ்வொரு சர்டிபிகேட்லயும் ஒன் கையெழுத்து. ஒன் கையெழுத்து செல்லாதுன்னு ஆச்சுன்னா இந்தக் கம்பெனில எதுவும் செல்லாது. அவங்க கேக்குறது ஒரு பேரு. இந்த சாம்பிளப் பிரிச்சது யாருன்னு எனக்குத் தெரியும். பாட்டில் பாத்தது யாருன்னு லிஸ்ட்ல இருக்கு. நானா எழுதிக்கிட்டா அது வேற. நீயா சொல்லணும்." அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "ஒம்பேரா, அந்தம்மா பேரா?"

ரூபி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் பெயரைச் சொல்லலாம். சொன்னால் இந்த வேலை போகும், இனி எந்த உணவுக் கம்பெனியும் அவளை வாசலில் சேர்க்காது. மூத்த மகள் பத்தாவது படிக்கிறாள். இதையெல்லாம் அவள் நினைத்தாள் என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவளுக்கு வந்தது பயம்தான், வெறும் பயம்.

"கண் டெஸ்ட்ல கடைசி வரி வரைக்கும் சரியாத்தான் படிச்சாங்க சார்" என்றாள்.

"அப்ப அந்தம்மா ஏமாத்தியிருக்கு."

ரூபி மறுக்கவில்லை. மனப்பாடம் பற்றி அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கட்டைவிரலைப் பற்றியும் சொல்லவில்லை. புதிதாக அடித்த கடிதத்தில், காரணம் என்ற இடத்தில் செபஸ்தியம்மாளின் பெயர் இருந்தது. பார்வைக் குறைவைத் திட்டமிட்டு மறைத்த ஊழியர் என்று இருந்தது. அதற்குக் கீழே ரூபி கையெழுத்துப் போட்டாள். நான்கு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கடிதம் போய்விட்டது.

*

அவள் வீட்டுக்கு வந்தபோது ஆறரை மணி. செபஸ்தியம்மாள் முன்பே பஸ்ஸில் வந்துவிட்டிருந்தாள். முகம் கழுவி, திருநீலக்கண்டர் தெரு டெய்லர் தைத்துக் கொடுத்த புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகத்தில் பெரிய பாரம் இறங்கிய தெளிவு இருந்தது.

"வா தாயி. ரொனால்டுகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கண்ணு விசயத்தையும் சொல்லிட்டேன். ஏன் மறைச்சன்னு செத்த நேரம் கத்துனான். பெறகு அழுதான். திங்கக்கெழமை கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறானாம்."

ரொனால்டு சமையற்கட்டில் காபி கலந்துகொண்டிருந்தான். அவன் எட்டிப் பார்த்து, "நீ இருந்ததாலதான் ரூபி, அக்கா மரியாதையா வெளிய வந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றான். ரூபியால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

"கெளம்பையில ஆபீஸ்ல ஒரு பேப்பரு குடுத்தாக" என்று செபஸ்தியம்மாள் தலையணைக்கு அடியிலிருந்து நான்காய் மடித்த தாளை எடுத்தாள். "கையெழுத்துப் போடச் சொன்னாக, போட்டேன். எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, எனக்கு ஒண்ணும் ஓடல. ரொனால்டு படிக்கிறேன்னான். நாந்தான், ரூபி வரட்டும்டா, கம்பெனி விசயம் அவளுக்குத்தான் புரியும்னு சொல்லி வச்சிருந்தேன். படிச்சுச் சொல்லு."

ரூபி தாளைப் பிரித்தாள். சுத்தமான தமிழில் அடித்திருந்தார்கள். பார்வைக் குறைவை மறைத்து நிர்வாகத்தை ஏமாற்றியது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தங்கள் பெயர் தெரிவிக்கப்பட்டுள்ளது. உடனடியாக வேலையிலிருந்து நீக்கம். கீழே, தரக்கட்டுப்பாட்டு அலுவலரின் அறிக்கையின் பேரில் என்று போட்டு, அவள் பெயரும் இருந்தது.

"என்ன தாயி, படிக்க மாட்டேங்குற?"

"ஓய்வு குடுத்திருக்காங்க மதினி" என்றாள் ரூபி. "இத்தன வருச வேலைக்கு நன்றி சொல்லிருக்காங்க."

"அந்த வெளிநாட்டுக் கடுதாசில எம்பேரு இல்லேல்ல?"

"இல்ல."

செபஸ்தியம்மாள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கையை நீட்டித் துழாவி, ரூபியின் கையைப் பிடித்து, அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். காபியோடு வந்த ரொனால்டு டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்தான்.

"நன்றின்னு எழுதிருக்கானுகளா? குடு, நானும் ஒருக்கா படிக்கிறேன்."

ரூபி தாளை மடிக்கப் பார்த்தாள். ஒரு கை மதினியின் கன்னத்தில் சிக்கியிருந்ததால் மடிக்க வரவில்லை.

"குடு தாயி" என்றாள் செபஸ்தியம்மாள். "சத்தமாப் படிக்கட்டும். எனக்கு இன்னொருக்கா கேக்கணும் போல இருக்கு."